நாகப்பன் பெயரில் படுத்தவன்

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் நாகப்பன் பதிமூன்று வருஷமாக ஒரே பிரஸ் மெஷினில் நிற்கிறான். கார் சீட்டுக்கு அடியில் வருகிற இரும்புச் சட்டத்தை அடித்து எடுக்கிற மெஷின். மெஷின் மாறவில்லை, நிற்கிற இடம் மாறவில்லை, கேண்டீன் சாம்பார்கூட மாறவில்லை. மாறுவதெல்லாம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறுதான். கான்ட்ராக்டர் மாறினால் கயிற்றின் நிறம் மாறும். மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது, சிவப்பு போய் ஆரஞ்சு வந்தது. நீலக் கயிறு மட்டும் வரவே இல்லை. அது பர்மனென்ட் ஆட்களுடையது. பழைய கயிறுகளை அவன் மனைவி ரத்னா வீணாக்கவில்லை, இரண்டிரண்டாக வெட்டிக் கொசுவலையின் நாலு மூலையிலும் கட்டியிருக்கிறாள். மண்ணூரில் அந்த வீட்டில் மல்லாந்து படுத்தால் நாகப்பனின் உத்தியோக வரலாறு முழுக்கக் கண்ணுக்கு மேலே தொங்கும்.

கயிறு மாறுகிற ஒவ்வொரு தடவையும் எல்லாரும் புது ஆள். பதிமூன்று வருஷம் நின்றவனும் நேற்று பஸ் ஏறி வந்தவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எப்போது மாறும், யாரை வைத்துக்கொள்வார்கள், யாரைக் கழற்றிவிடுவார்கள் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ராத்திரி ஒரு போன் வரும், அவ்வளவுதான். அதனால் வீட்டில் போன் அடித்தால் நாகப்பனின் கை முதலில் நெஞ்சுக்குப் போகும், அப்புறம்தான் போனுக்குப் போகும். ரத்னா இதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். போன வருஷம் லைனில் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஸ்ரீபெரும்புதூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது என்று சொன்ன பிறகு கிண்டலை விட்டுவிட்டாள்.

மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டால் கேட்கும் என்றார்கள். ஒழுங்காகப் போடுவது லேசான காரியமா? லைனில் மாத்திரை அட்டையோடு ஒருத்தனைப் பார்த்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அவனுக்கு 'பேஷண்ட்' என்று பேர் வைத்துவிடுவார்கள். அடுத்த கயிறு மாறும்போது பேஷண்ட் வெளியே நிற்பான். நாகப்பன் நாலு நாள் போடுவான், ஆறு நாள் விடுவான். யாரோ சொன்னார்கள் என்று பச்சைப் பூண்டை மென்றுவிட்டு ஷிப்டுக்குப் போவான். பக்கத்து மெஷின்காரன் மூக்கைப் பொத்துவான்.

இப்படி இருக்கையில்தான் புதுக் கான்ட்ராக்டர் வருகிறான் என்று பேச்சு அடிபட்டது. இந்தத் தடவை எல்லாருக்கும் மெடிக்கல் உண்டாம். சின்னப் பையன்களுக்கு எடை, கண், பிரஷர். நாற்பது தாண்டியவர்களுக்கு அதோடு ஈசிஜி. தேறாதவனுக்குக் கயிறு கிடையாது. நாகப்பனுக்கு நாற்பத்து மூன்று. சோறு இறங்கவில்லை. இந்த வயசில் இதை விட்டால் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? நாற்பதுக்கு மேல் என்றால் வாட்ச்மேன் வேலைக்குக்கூட யோசிக்கிறார்கள்.

அந்தப் பக்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்களிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. 'ஆள் நிறுத்துவது' என்பார்கள். மெடிக்கல் நடக்கிற இடத்தில் பேரைக் கூப்பிடுவார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். போட்டோவும் ஆதாரும் தேறினவனுக்குக் கயிறு கொடுக்கிறபோதுதான். ஆகவே நெஞ்சு சரியில்லாதவன் பேரில் நெஞ்சு நன்றாக இருக்கிறவன் போய்ப் படுத்துவிட்டு வருவான். ஒரு பிரியாணி, ஒரு டீ, முடிந்தது கணக்கு. சூப்பர்வைசர்களுக்கும் தெரியும். அவர்களுக்கும் மெஷின் ஓட ஆள் வேண்டாமா?

நாகப்பனுக்கு அந்த ஆளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தானே வந்தான். பேச்சிராஜ் என்று பேர், கோவில்பட்டிப் பக்கம், இருபத்தாறு வயசு. அதே லைனில் வேலை, நாகப்பன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மாடி ரூமில் நாலு பையன்களோடு வாடகைக்கு இருந்தான். தண்ணீர் கேன் இரண்டை இரண்டு கையில் தூக்கிக்கொண்டு படி ஏறுவான். நெஞ்சென்றால் அதுதான் நெஞ்சு என்று யாருக்கும் தோன்றும். அவனுடைய மெடிக்கல் காலையிலேயே முடிகிறது, மத்தியானம் உங்கள் பேரில் போய்ப் படுக்கிறேன் அண்ணாச்சி என்று அவனாகவே சொன்னான். பிரியாணிப் பேச்சை எடுத்தால் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நாகப்பன் ரத்னாவிடம் சொல்லி மாய்ந்துபோனான்.

மெடிக்கலை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். முந்தின முகூர்த்தத்தின் வாழை மரம் வாசலில் வாடிச் சாய்ந்திருந்தது. மணமகள் அறையில் திரை கட்டி ஈசிஜி. நாகப்பன் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து, தன் பேரை மைக்கில் கூப்பிடுவதையும் பேச்சிராஜ் எழுந்து போவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன நேரத்தைவிட அதிக நேரமாயிற்று. வெளியே வந்த பேச்சிராஜ், இரண்டு தடவை எடுத்தார்கள் என்றான். எடுத்த பையன் வெளியே போய் இன்னொருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினானாம், வயரையெல்லாம் பிடுங்கி மறுபடி ஒட்டினார்களாம். டாக்டர் அங்கே இல்லை, பட்டணத்தில் இருக்கிற டாக்டர்தான் பார்த்துச் சொல்வாராம். சொல்லும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நாகப்பன் நினைத்துக்கொண்டான். கூப்பிட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான்.

அதிலிருந்து பேச்சிராஜின் தொல்லை பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் பார்த்தாலும் கேட்பான், கேண்டீனில் பார்த்தாலும் கேட்பான், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தும் கேட்பான்.

"ரிசல்ட்டு வந்துட்டா அண்ணாச்சி?"

கயிறு எனக்கு, கவலை இவனுக்கா என்று நாகப்பனுக்கு முதலில் சிரிப்பாகவும் அப்புறம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் டில்லிபாபு போன் செய்தான். டில்லிபாபு பென்னலூர்க்காரன், புதுக் கான்ட்ராக்டருக்குச் சூப்பர்வைசர். மோசமான ஆள் இல்லை, ஆனால் அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறது. குரலை இறக்கித்தான் பேசினான்.

"அண்ணே, ரிப்போர்ட் வந்துகீது. அன்ஃபிட்டுன்னு போட்டுட்டாங்க. வெயிட்டு தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்னு டாக்டரு சொல்லிகிறாரு. எப்ப வேணா நின்னுடுமாம்ண்ணே."

நாகப்பன் கட்டிலில் அப்படியே சாய்ந்தான். இடது கை கனத்தது. கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. கொசுவலைக் கயிறுகள் மேலே சுற்றுவதுபோல இருந்தன. ரத்னா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள், நெஞ்சைத் தடவினாள், என்ன ஏது என்று கேட்டாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னான். டாக்டரே சொல்லிவிட்டார், இனிமேல் ஒன்றுமில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றான். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் படிக்கிற மகள் இசைவாணியை வரச்சொல் என்றான். ரத்னா தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"யோவ், எழுந்து உக்காரு. அங்க போய்ப் படுத்தது நீயா?"

அவனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கனத்த கை லேசானது, வேர்வை அடங்கியது, மூச்சு சீராக வந்தது. பயம் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள், அடுத்தவன் நெஞ்சுக்கு வந்த தீர்ப்பில் இவன் பாதி செத்துப்போயிருந்தான். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான். சொன்ன வாயை மூடுவதற்குள் ரத்னா அடுத்ததைக் கேட்டுவிட்டாள். அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு?

அதைத்தான் அவன் யோசிக்காமல் தள்ளிவைத்திருந்தான். சொல்ல வேண்டியதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் டில்லிபாபு இன்னொன்றும் சொல்லியிருந்தான். வயர் லூசாக இருந்திருக்கும், இன்னொரு தடவை எடுக்க நான் ஏற்பாடு செய்கிறேன், அந்த பிரஸ்ஸை ஓட்ட வேறு ஆள் கிடையாது என்றிருந்தான். இப்போது போய்ப் பேச்சிராஜிடம் சொன்னால் அவன் பதறுவான், ரூமில் சொல்வான், ரூமில் சொன்னது லைனுக்கு வரும், ஆள் நிறுத்தியது வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் கயிறு கிடையாது. முதலில் நம் டெஸ்ட் முடியட்டும், அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுகிறேன் என்றான். ரத்னா அன்று சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காராமல் வாசலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் பேச்சிராஜ் கேட்டான். இன்னும் வரவில்லை தம்பி என்றான் நாகப்பன்.

அந்த ஒரு வாரம் நாகப்பன் மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டான். உப்பைக் குறைத்தான். இரண்டாவது டெஸ்டுக்குத் தானே போய்த் தன் நெஞ்சைக் காட்டிப் படுத்தான். பிரஷர் கட்டுக்குள் இருந்தது, ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று அவனுக்கு அழுகையே வந்தது. இந்தத் தடவை ஒரு டாக்டரம்மாள் நேரில் இருந்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வயர் லூசு மேடம் என்று டில்லிபாபு முந்திக்கொண்டான். டாக்டரம்மாள் தலையை ஆட்டவில்லை.

"வயர் லூசா இருந்தா இப்படி வராது. இது வேற ஒருத்தரோடது, மாறி வந்திருக்கு. யாருன்னு கண்டுபிடிங்க. அவர் வேலைக்குப் போயிட்டிருந்தார்னா முதல்ல நிறுத்துங்க."

டில்லிபாபு சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றான். அடுத்த பேரைக் கூப்பிட்டான். நாகப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா? டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், கேட்கவும் கேட்கிறார். அவனோ மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். மறுநாளே பச்சைக் கயிறு கொடுத்தார்கள்.

டெஸ்ட் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் பேச்சிராஜ் ரூமில் இல்லை. அதற்கும் அடுத்த நாள் கூட ஆட்கள் இருந்தார்கள். சொல்லாமல் இருக்க நினைப்பவனுக்குக் காரணமா கிடைக்காது? இருபத்தாறு வயசுப் பிள்ளை, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு, அந்த அம்மாளுக்கென்ன தெரியும், மெஷின் கோளாறாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மூன்று நாள் சொன்னதில் பாதி நம்பியும்விட்டான். ரத்னா கேட்டபோது சொல்லியாயிற்று என்றான். நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றான்.

புதுக் கான்ட்ராக்டரிடம் முதல் நாள். காலை ஷிப்டு. விடிந்தும் விடியாத நேரத்தில் நாகப்பன் மண்ணூர்க் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றான். பேச்சிராஜ் வந்தான். அவன் கழுத்திலும் பச்சைக் கயிறு. என்னை லோடிங்கில் போட்டுவிட்டார்கள் அண்ணாச்சி என்றான். வாலிபப் பிள்ளைகளையெல்லாம் பொறுக்கி அங்கே அனுப்பிவிட்டார்களாம். லாரியில் சட்டங்களைத் தூக்கி ஏற்றுகிற வேலை, ஷிப்டு முடிகிறவரை முதுகு நிமிராது. நாகப்பன் பஸ் வருகிற திசையைப் பார்த்தான். வழக்கமான கேள்வி வந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் சிரிக்காமல் கேட்டான்.

"ரிசல்ட்டு வராமலா ஒங்களுக்குக் கயிறு குடுத்திருப்பாவ? சொல்லுங்க அண்ணாச்சி. எப்படி இருக்கு?"

"கிளீனா கீது தம்பி. ஒண்ணும் இல்ல," என்றான் நாகப்பன்.

எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது, வந்துவிட்டது. பேச்சிராஜ் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளை மாதிரி கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் எல்லாவற்றையும் கொட்டினான். அப்பா சைக்கிள் மிதித்துக்கொண்டே விழுந்து இறந்துபோனாராம், அப்போது அவருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அண்ணன் போன வருஷத்துக்கு முந்தின கோயில் கொடைத் திருவிழாவில் சாமிச் சப்பரம் தூக்கும்போது விழுந்தான். தண்ணீர் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நீயும் போய்ப் பார்த்துவிடு என்று ஊர் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தினமும் போனில் அதையேதான் கேட்பாளாம்.

"கம்பெனி குடுத்த ஆஸ்பத்திரிக் கார்டுல பாத்தா பேரு ஏறிரும்னு பயம். வெளிய பாக்கலாம், ஆனா அங்கயும் பேரு கேப்பாங்கள்ல அண்ணாச்சி? எம்பேரச் சொல்லிப் படுக்கத் தைரியமே வரல. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கேன். ஒங்க பேருல படுக்கலாம்னதும் பயம் தெரியல."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டான். ஒன்றுமில்லையாம் அம்மா, கிளீனாக இருக்காம், நம்ம அண்ணாச்சி சொல்லுதாரு, நீ போய் மாடசாமிக்குத் தேங்காயை உடை என்றான். எதிர்முனையில் அந்த அம்மாள் அழுவது நாகப்பனுக்கும் கேட்டது. அவரிடம் கொடு, அவரிடம் கொடு என்று அவள் சொல்வதும் கேட்டது. பேச்சிராஜ் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான்.

நாகப்பன் அதை வாங்கினான். அந்தப் பக்கம் ஐயா, மவராசா என்று ஒரு குரல். அவன் போனைக் காதில் வைக்கவில்லை, கட் செய்தான்.

"தம்பி, நான் சொன்னது பொய்."

பேச்சிராஜின் சிரிப்பு உடனே மறையவில்லை. விளையாட்டு என்று நினைத்தான். நாகப்பன் ஒன்றுவிடாமல் சொன்னான். முதல் போன், இரண்டாவது டெஸ்ட், டாக்டரம்மாள் சொன்னது, தான் பொத்தான் போட்டது வரைக்கும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது பஸ் வந்து நின்றது. பச்சைக் கயிறுகள் ஒவ்வொன்றாக ஏறின.

பேச்சிராஜ் படியில் ஒரு காலை வைத்தான். முதல் நாளே வராவிட்டால் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்வோம், இன்றைக்கு ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. நாகப்பன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தான். பஸ்ஸுக்குள் கத்தினார்கள். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நாகப்பன் விடவில்லை. பேச்சிராஜ் உதறிப் பார்த்தான், அவன் உதறினால் நாகப்பன் எம்மாத்திரம்? ஆனாலும் பாதி உதறலில் நிறுத்திக்கொண்டான். தன் நெஞ்சுக்கு அது ஆகாதென்று அப்போதுதான் நினைவு வந்ததுபோல மெல்லக் காலைக் கீழே வைத்தான். பஸ் போய்விட்டது. பதிமூன்று வருஷமும் அதிலேயே ஏறிப் போய்விட்டது என்று நாகப்பனுக்குத் தெரியும். அதை நினைத்து அவன் வருத்தப்பட்டான், இல்லையென்று சொன்னால் பொய்.

ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போகிறவரை பேச்சிராஜ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நான் லோடிங்கு போயிருந்தா, எப்ப சொல்லணும்னு நெனச்சீங்க அண்ணாச்சி?"

"நெனைக்கவே இல்ல தம்பி," என்றான் நாகப்பன்.

டில்லிபாபுவிடமிருந்து போன் இரண்டு தடவை அடித்தது. அதன் பிறகு அடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன நர்சிங் ஹோம் ஒன்று. கவுண்டரில் இருந்த பெண் தூக்கக் கலக்கத்தோடு பேர் கேட்டாள். பேச்சிராஜ் நாகப்பனைப் பார்த்தான். இன்றைக்கும் என் பேரையே சொல்லிவிடட்டும் என்றுகூட நாகப்பனுக்குத் தோன்றியது. பேச்சிராஜ் தன் பேரைச் சொன்னான், அப்பா பேரையும் சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ அவசரமாக நடக்கிற சத்தம். தூக்கக் கலக்கமெல்லாம் போய்விட்ட முகத்தோடு அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"அவர் கூட வந்தது யாரு? டாக்டர் அவரை எழுந்திரிக்கவே வேணாம்னுட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, பட்டணத்துக்குப் போவணும். நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

நாகப்பன் எழுந்து நின்றான். கை அவன் நெஞ்சுக்குப் போகவில்லை.

"அண்ணன்," என்றான். "கூட நான்தான் வரேன்."